அந்தக் கடைசி ஓவரைப் பற்றி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டீம் குரூப்பில் நீ போட்ட மெசேஜை நானும் பார்த்தேன். "செமி ஃபைனல்ல லாஸ்ட் ஓவர் அவனுக்கா? அண்ணனுக்கு ஒரு ஓவர் பாக்கி இருக்கே, யாரு எடுத்த முடிவு இது?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே இன்று வரைக்கும் ஒருத்தரும் பதில் போடவில்லை. போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் போனில் ஆரம்பித்தால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல பாதியிலேயே சண்டையாகிவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஆபீஸில் பாதி படித்துவிட்டு மூடி வைக்காதே, வீட்டுக்கு வந்து முழுசாகப் படி.

நீ நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருந்துகொண்டு போனில் ஆப்பைத் திறந்து ஸ்கோர் கார்டு பார்த்தாய். அதில் என்ன இருந்ததோ அதை வைத்துக் கேட்டாய். டீமில் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற நம் சீனியர் பவுலர் 5 ஓவர், 19 ரன், 2 விக்கெட். நம் 19 வயசு ஸ்பின்னர் சின்னவன் 5.5 ஓவர், 36 ரன், 1 விக்கெட். அந்த இரண்டு வரியைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் நான் ஆலமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் கையால் எழுதினவள். அந்த வரிகள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அதைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன்.

காலையில் ஆறு மணிக்கே போய் பிட்ச்சுக்கு மேட் விரித்துவிட்டார்கள். ஷெட்டிலிருந்து அதைத் தூக்கி வர ஆறு பேர் வேண்டும் என்பது உனக்கே தெரியும், அன்றைக்கு நாலு பேர்தான் வந்திருந்தார்கள், அதில் ஒருத்தன் சின்னவன். சனிக்கிழமை ராத்திரி அவனுக்கு சேகோ மில்லில், ஜவ்வரிசி மில்லில், நைட் ஷிப்ட். இது குச்சிக்கிழங்கு சீசன், லோடு லோடாக வந்து இறங்குகிறது, லீவு கேட்டால் கிடைக்காது. ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக கிரவுண்டுக்கு வந்திருக்கிறான். முழங்கை வரைக்கும் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது, அதோடு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு இட்லி கொடுத்து சாப்பிட வைத்தேன். இதையெல்லாம் அவன் யாரிடமும் சொல்லவில்லை, நானே பார்த்தது.

மேட்டில் ஒரு குறை இருந்தது. ரோட்டுப் பக்கம் ஸ்டம்புக்குப் பின்னால் ஓரம் நைந்துபோய் அங்கே இரண்டு ஓட்டையில் ஆணி நிற்கவே இல்லை. இழுத்துக் கட்டினார்கள், கல் வைத்துப் பார்த்தார்கள், மேட்ச் போகப்போக அந்த ஓரம் மெதுவாகத் தூக்கிக்கொண்டே இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

டாஸ் ஜெயித்து நாம் பேட்டிங். 30 ஓவர் மேட்ச், ஒருத்தருக்கு 6 ஓவர்தான். முதல் பத்து ஓவர் நன்றாகத்தான் போனது, பேக்கரிக்காரர் பையன் 44 அடித்தான். நிஜமாகவே அழகாக ஆடினான், மேட்டில் பந்து எழும்பி வரும்போது பின்னங்காலுக்குப் போய் பாயின்ட் பக்கம் தட்டிவிடுகிறானே, அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கேப்டன் 38. அப்புறம் நடுவில் சரிவு, அதை நீட்டி எழுத எனக்கு மனசில்லை, 26 ஓவர் முடியும்போது 140க்கு 8. எல்லாம் முடிந்தது என்று அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். அப்போது உள்ளே போனவன் சின்னவன், பத்தாவது ஆள். அந்தப் பக்கம் அண்ணன். கடைசி நாலு ஓவரில் இரண்டு பேரும் சேர்ந்து 27 எடுத்துக்கொடுத்தார்கள். அண்ணன் 15 நாட் அவுட், சின்னவன் 14 நாட் அவுட். 167க்கு 8. அந்த 27 இல்லையென்றால் கடைசி ஓவர் என்ற பேச்சே வந்திருக்காது, 25 ஓவரிலேயே அவர்கள் முடித்துவிட்டு பஸ் ஏறியிருப்பார்கள். உன் மெசேஜில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே கண்ணு.

மத்தியானம் எல்லாருக்கும் லெமன் சாதமும் உருளைக்கிழங்கும். வெயில் நல்ல வெயில். கல்வராயன் மலை பக்கம் மேகம் கூடுகிற மாதிரி இருந்தது, ஆனால் வரவில்லை.

அவர்கள் டீம் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நல்ல பையன்கள், ஒழுங்கான டீம். அவர்களுக்கு ஸ்கோர் போட வந்தவன் ஒரு காலேஜ் பையன், நோட்டு கிடையாது, போன்தான். நான் பென்சிலும் ஸ்கோர் புக்கும். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் இரண்டு பேரும் சரி பார்த்துக்கொள்வோம். பதினோராவது ஓவரில் ஒரு பந்து பேடில் பட்டு ஃபைன் லெக் பக்கம் ஓடியது, ஒரு ரன் ஓடினார்கள், அம்பயர் காலைத் தூக்கி முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அந்த நேரம் பையன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், பேட்ஸ்மேன் கணக்கில் ஒன்று போட்டுவிட்டான். மொத்தம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. ஆனால் என் கணக்கில் லெக் பை ஒன்று கூட, அவன் கணக்கில் பவுலருக்கு ஒன்று கூட. நான் கூட்டுறவு சங்கத்தில் லெட்ஜர் பார்த்த காலத்தில் எங்கள் செக்ரட்டரி சொல்வார், மொத்தம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, யார் பேரில் எழுதியிருக்கிறது என்று பார் என்று. பையனிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே மாற்றிவிட்டான். சின்ன விஷயம்தான், ஒரு ரன்தான். ஆனால் அது வந்து உட்காரவிருந்தது சின்னவன் பேரில், அவன் போட்ட பந்து அது.

சரி, மேட்சுக்கு வருகிறேன். அவர்களுடைய நாலாம் நம்பர் பேட்ஸ்மேன் 61 அடித்தான் என்று பார்த்திருப்பாய். அவன் 27ல் இருக்கும்போது ஒரு கேட்ச் கொடுத்தான். நேராகக் கைக்குள் வந்த கேட்ச். விழுந்துவிட்டது. யார் விட்டது என்று நான் எழுத மாட்டேன், ஆப்பிலும் இருக்காது, குரூப்பிலும் அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. விட்டவனுக்கும் வயசு நாற்பதைத் தொடுகிறது, பத்துப் பதினைந்து வருஷமாக டீமுக்கு ஆடுகிறவன், அவனை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். கேட்சை விட்டவனுக்கு ஒரு நியாயம், 19 வயசுப் பையனுக்கு ஒரு நியாயமா? அது மட்டும்தான் என் கேள்வி. அந்தப் பந்தைப் போட்டவனும் சின்னவன்தான். கேட்ச் விழுந்ததும் அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, கையைத் தட்டி "பரவால்ல ணா, அடுத்த பால்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

எக்ஸ்ட்ராஸில் பை, அதாவது பேட்டில் படாமல் கீப்பரைத் தாண்டிப் போன ரன், 7 இருந்ததே, அதையும் நீ பார்த்திருப்பாய், நீ கீப்பர் ஆச்சே. உன் இடத்தில் இப்போது நிற்கிற பையன் மோசமில்லை. அந்த ரோட்டுப் பக்க மேட் ஓரம் தூக்கிக்கொண்டது என்று சொன்னேனே, அங்கே பட்ட பந்து ஒன்று தோள் வரைக்கும் எழும்பியது, ஒன்று கணுக்காலில் ஓடியது. நீ நின்றிருந்தாலும் இரண்டு மூன்று போயிருக்கும். இதை உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நீ அதே மேட்டில் எட்டு வருஷம் நின்றவன், உனக்கே தெரியும்.

இருந்தாலும் நம்முடைய பவுலிங் பிரமாதம். லெஃப்ட் ஆர்ம் போடும் நம் டீச்சர் 6 ஓவரில் 22 கொடுத்து 2 விக்கெட், ஒரு மெய்டன் வேறு. அண்ணனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இந்த வயசிலும் முதல் ஸ்பெல்லில் ஸ்டம்புக்கு மேலே பந்து சீறிக்கொண்டு போகிறது. 27 ஓவர் முடியும்போது அவர்கள் 150க்கு 7. 18 பந்தில் 18 வேண்டும். மேட்ச் நம் கையில்தான் இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் நம் பக்கமே.

28வது ஓவர் அண்ணன் போட்டார். முதல் ஐந்து பந்தில் 4 ரன். கடைசிப் பந்து, அந்த 61 அடித்தவன் நேராக அடித்தான், தரையோடு போகிற அடி இல்லை, இடுப்பு உயரத்தில் குண்டு மாதிரி வந்தது. அண்ணன் ரன்-அப் முடிந்து இன்னும் நிலைக்குக்கூட வரவில்லை, வலது கையை நீட்டித் தடுத்துவிட்டார். நமக்கு நாலு ரன் மிச்சமானது. எல்லாரும் கை தட்டினோம். அவர் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கிழிந்து பிளந்துவிட்டது. பந்தில் ரத்தம், மேட்டில் ரத்தம். அம்பயர் பந்தை வாங்கித் துடைத்தார். அப்பா நம் முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார், பஞ்சு வைத்துக் கட்டினார், கட்டின கொஞ்ச நேரத்திலேயே நனைந்துவிட்டது.

இந்தச் சமாசாரம் எதுவும் ஆப்பில் இல்லை பார். அண்ணன் 5-0-19-2. அவ்வளவுதான் இருக்கும். ஒரு ஓவர் பாக்கி இருக்கிற மாதிரித்தான் தெரியும்.

அவர் வெளியே போக மாட்டேன் என்றார். 29வது ஓவரில் மிட்-ஆனில் நின்றார், ஒரு கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு. அந்த ஓவரில் 5 ரன் போனது. கடைசி ஓவரில் 9 வேண்டும், கையில் 3 விக்கெட். அண்ணன் பந்தைக் கேட்டார். இடது கையால் பந்தை எடுத்து வலது கைக்குள் வைத்துப் பார்த்தார், விரலை மூட முடியவில்லை. கேப்டன் பந்தை வாங்கிக்கொண்டு "ணா, நீங்க வேண்டாம்" என்றான். ஆஸ்பத்திரியில் அப்புறம் ஏழு தையல் போட்டார்கள். அவர் மினி டெம்போ ஓட்டிப் பிழைக்கிறவர், இன்னும் பத்து நாளைக்கு ஸ்டீயரிங் பிடிக்க முடியாது. இந்த நிலையில் அவரைப் போட வைத்திருக்க வேண்டும் என்றா கேட்கிறாய்? தெரியாமல் கேட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் எழுதினது எழுதினதுதான், படிக்கிறவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

வேறு யார் இருந்தார்கள்? கணக்கை நீயே போட்டுப் பார். டீச்சர் 6 முடிந்தது. மீதி இரண்டு மீடியம் பேசரும் 6 முடிந்தது. கேப்டன் நடுவில் ஒரு ஓவர் போட்டு 9 கொடுத்திருந்தான். சின்னவன் 5 ஓவரில் 27, விக்கெட் இல்லை, ஆனால் ஒரு கேட்ச் விழுந்திருந்தது. கேப்டன் தானே போடலாமா என்று ஒரு நொடி யோசித்தான், அவன் முகத்தில் தெரிந்தது. அப்போது சின்னவன் மிட்-விக்கெட்டிலிருந்து நடந்து வந்து "ணா, நான் போடறேன்" என்றான். கேட்டது அவன். யாரும் அவன் தலையில் கட்டவில்லை.

கேப்டன் யோசித்ததிலும் தப்பு கிடையாது. ஸ்கூல் கட்டடப் பக்கம் நேர் பவுண்டரி சின்னது, வேகமாக வருகிற பந்தைப் பேட்டில் வாங்கினாலே போய்விடும். மெதுவாக வந்தால் அடிக்கிறவன்தான் பலம் கொடுக்க வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் 57ல் நிற்கிறான், சாயங்கால நேரம், களைப்பு, மிட்-விக்கெட் பக்கம்தான் சுற்றுவான். அதனால் லாங்-ஆன், டீப் மிட்-விக்கெட், ஸ்கொயர் லெக் எல்லாம் கோட்டிலேயே நிறுத்தினான். ஐந்து பேருக்கு மேல் வெளியே நிற்க முடியாது, அப்போது கீப்பருக்குப் பின்னால் காலியாகத்தான் இருக்கும். எங்கேயாவது ஒரு இடத்தைத் திறந்துவிட்டுத்தானே ஆக வேண்டும், ஸ்பின்னருக்கு அங்கே திறப்பதுதான் வழக்கம்.

முதல் பந்து, ஒன்பதாம் ஆள் லாங்-ஆன் பக்கம் தட்டி ஒன்று. இரண்டாவது பந்து, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தித் திரும்பியது, பேட்ஸ்மேன் சுற்றினான், படவில்லை, டாட். மூன்றாவது பந்து கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது, அவன் மிட்-விக்கெட்டுக்கு மேலே இழுத்துவிட்டான், கோட்டில் நின்ற நம் பையன் பாய்ந்தும் விரல் நுனிக்கு எட்டவில்லை, நாலு. அந்த ஓவரில் சின்னவன் போட்ட ஒரே மோசமான பந்து அதுதான். 3 பந்தில் 4 வேண்டும். எனக்குக் கை நடுங்கியது, பென்சில் முனை உடைந்துவிட்டது, அவர்கள் டீம் பையன் தன் பேனாவைக் கொடுத்தான்.

நாலாவது பந்து. கண்ணு, அந்தப் பந்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்கு முந்தின பந்தில் நாலு போயிருக்கிறது, சுற்றி எல்லாரும் கத்துகிறார்கள், வேறு எந்தப் பையனாக இருந்தாலும் தட்டையாக, வேகமாகத் தள்ளியிருப்பான். இவன் இன்னும் மேலே தூக்கிப் போட்டான். பந்து காற்றில் தொங்கி, அவன் இறங்கி வந்து அடிக்கப் போகும்போது கீழே இறங்கியது, பேட்டுக்கும் பேடுக்கும் நடுவில் புகுந்து நடு ஸ்டம்ப். 61 அடித்தவன் போல்ட். 164க்கு 8. நம் ஆட்கள் எல்லாரும் ஓடிவந்து அவனைத் தூக்கிவிட்டார்கள். அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார், நான் எழுத வேண்டும் விடுங்கள் என்று சொன்னேன்.

2 பந்தில் 4. புதுசாக வந்த பத்தாம் ஆள், ஹெல்மெட்கூட இல்லாமல் தொப்பியோடு வந்தான். சின்னவன் அதே மாதிரித்தான் போட்டான், நல்ல லெங்த், ஆஃப் ஸ்டம்ப் மேலே. அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு மிட்-விக்கெட் பக்கம் சுற்றினான். பந்து பேட்டின் வெளி விளிம்பில் பட்டு, கீப்பருடைய வலது கைக்கும் ஸ்லிப் இருக்க வேண்டிய காலி இடத்துக்கும் நடுவில் புகுந்து தரையோடு ஓடியது. பாயின்ட்டில் நின்றவன் துரத்திக்கொண்டு ஓடினான், சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் பாய்ந்தான், பந்து தாண்டிவிட்டது. 168க்கு 8. ஒரு பந்து மிச்சம், இரண்டு விக்கெட்டில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

ஏமாந்து அடித்த அடி. பவுலர் ஜெயித்த பந்து. ஆனால் நாலு ரன் அவன் பேரில்தான் எழுத வேண்டும், நானும் எழுதினேன். 5.5-0-36-1. வேறு வழி கிடையாது, புத்தகத்தின் விதி அப்படி. பையில் போனால் பவுலருக்குச் சேராது, விளிம்பில் பட்டுப் போனால் சேரும். அந்த 36ல் எது யாருடைய தப்பு என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

உனக்கு சேத்தன் சர்மாவைத் தெரியும், ஆனால் அந்த மேட்ச் நடந்தபோது நீ பிறக்கவே இல்லை. 1986 ஏப்ரல் 18, ஷார்ஜாவில் இந்தியா-பாகிஸ்தான் ஃபைனல். நாம் 245 அடித்திருந்தோம். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நாலு வேண்டும். சேத்தன் சர்மா யார்க்கர் போடப் போய் ஃபுல் டாஸாகிவிட்டது, மியான்டாட் சிக்ஸ் அடித்துவிட்டார், 116 நாட் அவுட். சேத்தன் சர்மாவுக்கு அப்போது 20 வயசுதான். நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் ஊரே உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அந்தத் திண்ணையில் பெரியவர்கள் எல்லாம் அந்தப் பையனைத் திட்டின திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. மியான்டாட் எத்தனை ஓவர் ஆடினார், நாம் என்னென்ன விட்டோம், யாரும் பேசவில்லை. அடுத்த வருஷமே, 1987 உலகக் கோப்பையில், நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக அதே ஆள் ஹாட்ரிக் எடுத்தார். உலகக் கோப்பையில் முதல் ஹாட்ரிக் அது. மூன்றும் போல்ட். ஆனாலும் இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் முதலில் ஷார்ஜா என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அது ரொம்ப அநியாயமாகப் படும். அதனால்தான் நம் டீமில் அது நடக்கக் கூடாது என்று இவ்வளவு எழுதுகிறேன்.

நம் பக்கத்திலேயே பார். நடராஜன் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பாலில் ஆடினவர்தானே. 2015ல் ரஞ்சியில் முதல் மேட்ச் ஆடியதும் பந்து வீசும் முறை சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு முடிந்திருக்கலாம். கூட நின்று சரி பண்ணிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், திரும்பி வந்தார், 2020ல் நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர் அந்த ஒரே டூரில் ஒன் டே, டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடினார். சின்னவன் அவர் படத்தை சைக்கிளில் ஒட்டி வைத்திருக்கிறான். லெஃப்ட் ஆர்ம் ஃபாஸ்ட் பவுலர் படத்தை ஒரு ஆஃப் ஸ்பின்னர் எதற்கு ஒட்டினான் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை, சேலம் மாவட்டத்துப் பையன், போதும்.

நம் சின்னவன் இந்தியாவுக்கு ஆடுவான் என்று நான் சொல்லவில்லை. அடுத்த சீசன் நமக்கு ஆட வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் அவன் அழவில்லை. அந்த டீம்காரர்கள் எல்லாருக்கும் கை கொடுத்தான், மேட்டைச் சுருட்டினான், ஆணியெல்லாம் எண்ணிச் சாக்கில் போட்டான், அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வண்டியில் பின்னால் உட்கார்ந்து கூடவே போனான். அது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தான். ராத்திரி உன் மெசேஜ் வந்தது. திங்கட்கிழமை ப்ராக்டீஸுக்கு வரவில்லை, செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. கேப்டன் போன் பண்ணினால் எடுக்கவில்லை. நேற்று அவன் தங்கச்சி வந்து டீம் டி-ஷர்ட்டைத் துவைத்து மடித்து நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். "அண்ணா குடுக்கச் சொன்னான்" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அது இங்கே பீரோவில் இருக்கிறது, நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

மற்றவன் யாராவது எழுதியிருந்தால் அவன் இவ்வளவு எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். எழுதினது நீ. அவனுக்குப் பத்து வயசு இருக்கும்போது பவுண்டரிக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு நெட்டில் பந்து போட வைத்தது நீதான். ஸ்டம்புக்குப் பின்னால் நின்றுகொண்டு "மேலே போடு, பயப்படாதே, மேலே போடு" என்று நீ கத்துவது எனக்கு ஸ்கோர் மேஜை வரைக்கும் கேட்கும். அந்த நாலாவது பந்தை அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று நினைக்கிறாய்?

அப்பா இதெல்லாம் எதற்கு எழுதுகிறாய், பசங்க பார்த்துக்கொள்வார்கள் விடு என்கிறார். செமி ஃபைனலில் தோற்றால் ஷீல்டும் கிடையாது, ரன்னர் அப் என்று பேரும் கிடையாது, ஃபைனல் யார் ஆடினார்கள் என்பதுதான் ஊருக்கு ஞாபகம் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நாம் ஃபைனல் போயிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன் என்று உனக்கும் தெரியும். எனக்கும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கோப்பை அடுத்த வருஷமும் வரும்.

அங்கேயும் மேட் விரித்துத்தான் ஆடுகிறார்கள், பக்கத்தில் ஒரு கிளப் இருக்கிறது, போய்ப் பார்க்கணும் என்று போன மாசம் சொன்னாயே, போனாயா? கிளவுஸை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய், வேண்டுமென்றால் யாராவது வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். ஏப்ரலில் குளிர் குறையும் என்றாய்.

குரூப்பில் மன்னிப்பு என்றெல்லாம் பெரிசாக எழுத வேண்டாம், அவனுக்கு இன்னும் கூச்சமாகிவிடும். அவனுக்கு நேராகப் போன் போடு. இந்த வாரம் அவனுக்குக் காலை ஷிப்ட், மத்தியானம் இரண்டு மணிக்கு முடியும், உனக்கு அப்போது காலை ஒன்பதரை. முதல் தடவை எடுக்க மாட்டான், விடாதே, திரும்பப் போடு. எடுத்ததும் மேட்ச் தோற்றதைப் பேசாதே, அந்த நாலாவது பந்தை எப்படிப் போட்டாய் என்று கேள். அதை அவன் சொல்லட்டும்.

அம்மா